கோத்தகிரி அச்சகத்தில் ஒரு பெட்டி, மூன்று இயங்குதளங்கள்

கோத்தகிரியில் என் மாமா நடத்தும் சிறிய அச்சகத்தில், மார்கழி பிறந்துவிட்டால் பழைய கணினி காலை பதினொரு மணிக்கு முன்பு எழுந்திருக்காது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுழலும், முன்புற விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். அங்கே பத்தொன்பது ஆண்டுகளாகத் தட்டச்சு செய்துவரும் அக்கா இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தார்: பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றி, அருகே நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்துப் பொத்தானை அழுத்துவார், கணினி ஒன்றும் நடக்காததுபோல் ஓடத் தொடங்கும். சென்ற ஆண்டு விடுமுறைக்குச் சென்றபோது இதைப் பார்த்த நான் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். செயலியை (சிபியு) சுற்றி நின்ற, மின்சாரத்தைத் தேக்கிச் சீராகத் தரும் கபாசிட்டர்களில் ஏழு, தலை வீங்கி மேடாக இருந்தன. இரண்டின் உச்சியில் பழுப்பு நிறத்தில் காய்ந்த கசிவு தெரிந்தது. உள்ளிருக்கும் திரவம் குறைந்துபோன இவ்வகைக் கபாசிட்டருக்குக் குளிரில் உள்மின்தடை மேலும் கூடும் என்பதால், செயலிக்குப் போகும் மின்சாரம் சீராக இல்லாமல் அது தொடங்கவே மறுக்கிறது. அக்காவின் பல்பு தற்செயலாகச் சரியான இடத்தைத்தான் சூடாக்கிக்கொண்டிருந்தது.

ஏழு கபாசிட்டர்களை மாற்றுவது பெரிய செலவில்லை. ஆனால் அந்தப் பெட்டியின் 80 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் டிக்டிக் என்று சத்தம் போடத் தொடங்கியிருந்தது. போதாததற்கு, அச்சகத்தில் கணக்கு எழுதவும் ஜிஎஸ்டி படிவம் அனுப்பவும் இன்னொரு கணினி தனியாக ஓடியது. அதில் இருந்த விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இரண்டு பழைய பெட்டிகளையும், இரண்டுக்கும் போதாத ஒரே யுபிஎஸ்ஸையும் வைத்துக்கொண்டு மாமா தடுமாறினார். ஒரே புதிய பெட்டியில் இரண்டையும் அடக்கிவிடலாம் என்று நான் சொன்னபோது அவர் முதலில் கேட்ட கேள்வி, “ஒண்ணை மூடிட்டு ஒண்ணைத் திறக்கணுமா தம்பி?” என்பதுதான். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களைப் பதித்து, தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவர் தன் மகனின் மடிக்கணினியில் பார்த்திருக்கிறார். தமிழ்நாடு அரசு 2011இல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அப்படித்தான் சேர்ந்து வந்தன. அச்சகத்துக்கு அது பொருந்தாது. பத்திரிகை வடிவமைத்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் பில் கேட்டு வந்தால், எல்லாவற்றையும் மூடி மறுபடி தொடங்கிக்கொண்டிருக்க முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். அதற்கு மெய்நிகர் கணினிதான் வழி: ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி.

தட்டச்சுப் பெட்டியில் ஓடும் பழைய விண்டோஸ் எக்ஸ்பியை விட்டுத்தொலைக்கலாமே என்று இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் கேட்பார்கள். அந்தப் பெட்டியில் 2003இலிருந்து சேர்த்த, பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7இன் கோப்புகள் இருக்கின்றன: திருமணப் பத்திரிகைகள், ஹெத்தையம்மன் பண்டிகை நோட்டீஸ்கள், பச்சைத் தேயிலை ரசீதுப் புத்தகங்கள். சுற்றியுள்ள ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெரியவர்கள் பெயரை எந்த வரிசையில் போட வேண்டும் என்பதுகூட அந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது. அவை யாவும் பாமினி வகை எழுத்துருக்களில் அமைந்தவை. அவற்றில் தமிழ் எழுத்து என்பது வெறும் தோற்றம். கோப்பின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் குறியீடு. ‘தமிழ்’ என்ற சொல் எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் நிற்கும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் உள்ளன. எழுத்துகள் மாறிவிடும், ஆனால் அங்குலம் அங்குலமாக நகர்த்தி வைத்த பக்க அமைப்பு கலைந்துவிடும். கல்யாண மாதத்தில் அதையெல்லாம் அமர்ந்து சரிசெய்ய அச்சகத்தில் ஆள் இல்லை. ஆகவே, அந்தச் சூழல் முழுவதையும் அப்படியே பெயர்த்து எடுப்பது என்று முடிவு செய்தேன்.

கோயம்புத்தூரில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினி ஒன்று கிடைத்தது: எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5, ஆறு கோர்கள், 8 ஜிபி ரேம். இன்னோர் 8 ஜிபி ரேமையும் 500 ஜிபி எஸ்எஸ்டியையும் சேர்த்தேன். அடித்தளமாக டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பதித்து, அதன்மேல் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கேவிஎம், க்யூஎமு, இவற்றை வரைகலைச் சாளரத்தில் கையாள விர்ட்-மேனேஜர் ஆகியவற்றை அமைத்தேன். முதல் மெய்நிகர் கணினியைத் தொடங்கியதும் அது ஆமை வேகத்தில் ஊர்ந்தது. செயலியின் விவரப் பட்டியலில் விஎம்எக்ஸ் என்ற குறி இல்லாததைக் கண்ட பிறகுதான், கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸில் மெய்நிகராக்க வசதி அணைத்து வைக்கப்பட்டிருப்பது புரிந்தது. அதை இயக்கியதும் சரியாயிற்று. இதைச் செய்பவர்கள் எல்லாவற்றுக்கும் முன்பு பயாஸைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. நான் அரை நாளை வீணடித்தேன்.

அந்த வசதி இல்லாவிட்டால் ஏன் அவ்வளவு மெதுவாகிறது என்பதை மாமாவுக்குச் சொன்ன விதத்திலேயே இங்கும் சொல்கிறேன். இயங்குதளம் எதுவாக இருந்தாலும் கணினியின் முழு அதிகாரமும் தனக்கே உரியது என்று எண்ணித்தான் எழுதப்பட்டிருக்கும். ஒரே செயலியின்மேல் இரண்டு இயங்குதளங்களை ஏற்றினால், அதிகாரம் தேவைப்படும் கட்டளை வரும்போதெல்லாம் யாரோ ஒருவர் இடைமறித்து, அதை அந்த மெய்நிகர் கணினிக்குரிய எல்லைக்குள் மட்டும் நிறைவேற்ற வேண்டும். ஐபிஎம் தன் பெருங்கணினிகளில் 1960களிலேயே இதைச் செய்துகாட்டியது. ஆனால் நம் மேசைக் கணினிகளின் செயலிகளில் சில கட்டளைகள் இடைமறிப்புக்கு அகப்படாமல் நழுவிவிடும் தன்மை கொண்டவை என்பதால், மென்பொருள் தந்திரங்களால்தான் நெடுநாள் சமாளிக்க வேண்டியிருந்தது. 2005இல் இன்டெல்லும் 2006இல் ஏஎம்டியும் செயலிக்குள்ளேயே இதற்கென வசதி வைத்தன. அதைப் பயன்படுத்தும் கேவிஎம் 2007 பிப்ரவரியில் லினக்ஸின் மையப் பகுதியான கருநிரலின் 2.6.20ஆம் பதிப்பில் சேர்ந்தது. சாதாரணக் கட்டளைகள் நேராகச் செயலியிலேயே ஓடுகின்றன. அதிகாரம் கேட்கும் இடத்தில் மட்டும் கட்டுப்பாடு கேவிஎம்முக்குத் திரும்புகிறது. டிஸ்க், திரை, விசைப்பலகை போன்ற உறுப்புகளாக நடிப்பது க்யூஎமுவின் வேலை. அது எக்ஸ்பிக்கு முன்னால் நிறுத்தும் பலகை (மதர்போர்டு), 1996இல் இன்டெல் வெளியிட்ட 440எஃப்எக்ஸ் சிப்செட்டின் பாவனை. எக்ஸ்பியைவிட அது வயதில் மூத்தது. இந்த ஓர் இடத்தில் பழமை எனக்கு வசதியாகவே இருந்தது.

பழைய டிஸ்க்கைக் கழற்றி, அதன் பழைய ஐடிஇ வகை இணைப்பை யுஎஸ்பியாக்கும் மாற்றி ஒன்றில் செருகி, டிடிரெஸ்க்யூ என்னும் நிரலால் முழுப் பிம்பம் (டிஸ்க்கை அப்படியே ஒரே கோப்பாக்கிய நகல்) எடுத்தேன். சாதாரண நகல் நிரல் கெட்டுப்போன இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். இதுவோ அந்த இடத்தைக் குறித்துவைத்துவிட்டு மேலே போகும், நல்ல பகுதிகளையெல்லாம் அள்ளிய பிறகு கெட்டதற்குத் திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்று குறித்துக்கொள்ள வரைபடக் கோப்பு ஒன்றை அதற்குத் தவறாமல் கொடுத்துவிட வேண்டும். நடுவே மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது. சில நூறு கிலோபைட் மட்டும் படிக்க முடியாமல் போயிற்று. பிம்பத்தை, க்யூஎமு பயன்படுத்தும் டிஸ்க் கோப்பான க்யூகவ்2 வடிவத்துக்கு மாற்றியபோது, வெற்றிடம் தள்ளப்பட்டு 80 ஜிபி டிஸ்க் 23 ஜிபி கோப்பாகச் சுருங்கியது.

ஓடவிட்டேன். எக்ஸ்பியின் சின்னம் இரண்டு நொடி தெரிந்தது, உடனே நீலத்திரை. அடியில் நின்ற நீண்ட எண்ணின் கடைசியில் 7பி. தான் எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்கியதோ அந்த டிஸ்க்கையே அணுக முடியவில்லை என்பது இதன் பொருள். பழைய பலகையில் டிஸ்க்கைக் கையாளும் ஐடிஇ கட்டுப்பாட்டகத்துக்கு உரிய டிரைவரை (அதை இயக்கும் நிரலை) மட்டுமே எக்ஸ்பி தொடக்கத்தில் ஏற்றப் பழகியிருக்கிறது. புதிய வீட்டில் கட்டுப்பாட்டகம் வேறு. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டை வெளியிலிருந்து திருத்தியும் இதைத் தீர்க்கலாம். ஆனால் அதைவிட எளிய வழி, பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே அதன் டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கட்டுப்பாட்டகத்தின் டிரைவரை, நிறுவனப் பெயர் எதுவும் இல்லாத ‘ஸ்டாண்டர்ட் டூயல் சேனல்’ என்ற பொது டிரைவராக மாற்றிவிடுவது. இதைப் பிம்பம் எடுப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

டிஸ்க்கைப் பழைய பெட்டிக்குள் மறுபடி மாட்டினேன். காலை எட்டு மணி. வெளியே புல்லில் பனி இன்னும் வெள்ளையாகப் படிந்திருந்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் பல்பைக் கொண்டுவந்து வைத்தார். ஐம்பது நிமிடத்தில் கணினி எழுந்தது. டிரைவரை மாற்றி, மறுபடி தொடங்கக் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லி அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, இரண்டாம் முறை பிம்பம் எடுத்தேன். இந்த முறை எக்ஸ்பி நேராக மேசைத்திரை வரை வந்து, புதிய வன்பொருள்களைக் கண்டதாக ஒவ்வொன்றாக அறிவித்துக்கொண்டே இருந்தது. அதற்கு ஒரே ஒரு மெய்நிகர் செயலியையும் 1 ஜிபி ரேமையும் ஒதுக்கினேன். பேஜ்மேக்கருக்கு அதுவே தாராளம். வன்பொருள் மாறிவிட்டதால் மறுபடி உரிமத்தை உறுதிப்படுத்தும்படி எக்ஸ்பி கேட்டது. எங்களிடம் இருந்தது தனியாகப் பெட்டியில் வாங்கிய உரிமம் என்பதால் அதை மாற்றிக்கொள்ள இடமிருந்தது. கணினியோடு சேர்ந்து வந்த உரிமமாக இருந்தால் அது அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரியது. இதைத் தொடங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த தடை டாங்கிள். அக்கா பயன்படுத்தும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள், சுண்டுவிரல் அளவுள்ள ஒரு யுஎஸ்பி டாங்கிள் செருகியிருந்தால்தான் திறக்கும். அதை எக்ஸ்பிக்கு ஒப்படைத்தேன். எக்ஸ்பி கண்டுகொள்ளவே இல்லை. விர்ட்-மேனேஜரில் மெய்நிகர் யுஎஸ்பி கட்டுப்பாட்டகம் யுஎஸ்பி 3 வகையாக அமைந்திருந்தது. அந்த வகைக்கான டிரைவர் எக்ஸ்பியில் கிடையாது. அதை யுஎஸ்பி 2க்கு இறக்கியதும் டாங்கிளின் பச்சை விளக்கு எரிந்தது. டாங்கிளைத் துளையின் எண்ணைக் கொண்டு குறிக்காமல், அதன் நிறுவன எண்ணையும் பொருள் எண்ணையும் கொண்டு குறித்துவைத்தால், எந்தத் துளையில் மாற்றிச் செருகினாலும் எக்ஸ்பிக்கே போய்ச்சேரும். கடிகாரத்திலும் ஒரு சிறு கோளாறு. லினக்ஸ் உள்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே எக்ஸ்பி ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. அமைப்பில் ஒரு சொல்லை மாற்றினால் தீர்ந்தது.

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8க்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம் கிடையாது. எனவே அதன் மெய்நிகர் வலையட்டையையே நீக்கிவிட்டேன். இணையம் மட்டுமன்றி, பக்கத்தில் ஓடும் இன்னொரு மெய்நிகர் கணினியைக்கூட அதனால் பார்க்க முடியாது. அப்படியானால் வேலை எப்படி வெளியே வரும்? பேஜ்மேக்கரிலிருந்து, தாளில் அல்லாமல், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சுக் கோப்பாக அச்சிட்டு, ஒரு பென்டிரைவில் வைத்து, அந்தப் பென்டிரைவை லினக்ஸுக்குத் திருப்பிக்கொடுத்து, அங்கே கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரல் மூலம் பிடிஎஃப் ஆக்குகிறோம். கேட்பதற்குச் சுற்றுவழியாகத் தோன்றும். அக்கா மூன்றாம் நாளே பழகிவிட்டார். எழுத்துருக்கள் பிடிஎஃப்புக்குள் பதிந்துவிடுவதால் வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பத்திரிகை கலையாமல் போகிறது. முன்பு திரையைக் கைப்பேசியால் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கணக்குக்கான விண்டோஸ் 11ஐப் புதிதாகவே பதித்தேன். அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. அது கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பை மென்பொருளாகவே கொடுக்க முடியும். டிஸ்க்கை, மெய்நிகர் கணினிகளுக்கென்றே உருவான விர்ட்ஐஓ வகையாக அமைத்தால், விண்டோஸைப் பதிக்கும் நிரல் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். அதற்கான டிரைவர்கள் உள்ள ஐஎஸ்ஓ கோப்பை இரண்டாவது சிடியாகச் செருகிக் காட்டினால் போதும். இதற்கு 6 ஜிபி ரேம், மூன்று செயலிகள். டிஜிட்டல் கையொப்ப டோக்கனை டாங்கிளைப் போலவே ஒப்படைத்தேன். மீதமுள்ள 9 ஜிபி டெபியனுக்கு. ரேமைப் பங்கிடும்போது கையை இறுக்கிப் பிடிப்பதே நல்லது. அடித்தளத்துக்கு ரேம் போதாமல் போனால் மேலே இருக்கும் இரண்டும் சேர்ந்தே தவிக்கும்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11 பதியும்போது வேகம் வேண்டி, அதன் டிஸ்க்குக்கு ‘அன்சேஃப்’ என்ற கேஷ் (இடைச்சேமிப்பு) முறையைத் தேர்ந்திருந்தேன். எழுதியதை உடனே டிஸ்க்கில் இறக்கு என்று விண்டோஸ் கேட்கும் வேண்டுகோளை இந்த முறை காதில் வாங்காது. தரவு ரேமிலேயே தங்கியிருக்க, இறக்கியாயிற்று என்று பதில் சொல்லிவிடும். விண்டோஸைப் பதிக்கும் வேலைக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு மாற்ற வேண்டியதை மறந்தேன். மாதங்கள் ஓடின. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியைப் பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் கற்பூர மரம் ஒன்று மின்கம்பியின்மேல் சாய்ந்தது. பத்து நிமிடம் தாங்கும் என்று நம்பியிருந்த யுபிஎஸ், பேட்டரி வலுவிழந்து, ஒரு நிமிடத்தில் அடங்கியது. மறுநாள் எக்ஸ்பி நல்லபடியாக எழுந்தது. விண்டோஸ் 11 எழவில்லை. க்யூகவ்2 கோப்பைச் சோதித்தபோது பிழைகள் வரிசையாக வந்தன. ஞாயிறுதோறும் வெளி டிஸ்க்கில் எடுத்துவைக்கும் நகல் இருந்ததால் பிழைத்தோம். இடையில் இருந்த மூன்று நாள் கணக்கை மாமா பில் புத்தகத்தைப் புரட்டி மறுபடி ஏற்றினார். நான் தொலைபேசியில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடு தம்பி, மழைக்கு யாரு பொறுப்பு?” என்றார். மழை பொறுப்பில்லை என்பது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு கேஷ் முறையை இரண்டுக்கும் ‘நன்’ (எதுவும் வேண்டாம்) என்று மாற்றினேன். பதிக்கும் வேலைகள் சற்று மெதுவாகின்றன. அன்றாடத்தில் வேறுபாடு தெரியவில்லை. யுபிஎஸ்ஸுக்குப் புதிய பேட்டரி போட்டு, அதன் யுஎஸ்பி கம்பியைக் கணினியில் இணைத்து, மின்சாரம் போய் இரண்டு நிமிடம் கடந்தால் ஒரு சிறு ஸ்கிரிப்ட் ஓடும்படி அமைத்தேன். முதலில் இரண்டு மெய்நிகர் கணினிகளையும் முறையாக அணைக்கச் சொல்லிப் பார்த்தேன். பேஜ்மேக்கரில் சேமிக்காத பக்கம் ஒன்று திறந்திருந்தது. சேமிக்கவா என்று கேட்டபடி எக்ஸ்பி நின்றுவிட, அணையவே இல்லை. ஆகவே இப்போது எக்ஸ்பியை அணைப்பதில்லை: அதன் 1 ஜிபி ரேமை அப்படியே கோப்பாக எழுதி உறைய வைத்துவிடுகிறது. எஸ்எஸ்டியில் அதற்குச் சில நொடிகளே ஆகின்றன. மின்சாரம் வந்து மறுபடி எழுப்பினால் பாதி தட்டச்சு செய்த வரியில் கர்சர் மின்னிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 11ஐ மட்டும் முறையாக அணைக்கிறேன். உறைந்து எழுந்தால் அதன் கடிகாரம் பழைய நேரத்திலேயே நிற்கும், நேரம் தவறினால் வரித்தளத்தில் உள்நுழைவதும் கையொப்பமிடுவதும் சிக்கலாகும்.

மெய்நிகர் கணினியின் தற்போதைய நிலையை நொடியில் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதியைப் பெரிய மாற்றங்களுக்கு முன்பு மட்டும் எடுக்கிறேன். வேலை முடிந்ததும் அழித்துவிடுகிறேன். அதே டிஸ்க்கில் இருப்பதால் டிஸ்க் போனால் அதுவும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை நகலுக்கு அது மாற்றாகாது. நகல் எடுக்கும்போது மெய்நிகர் கணினி அணைந்திருக்க வேண்டும் என்பதை மாமா ஒரு அட்டையில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்.

இந்த மார்கழியில் காலை எட்டரைக்கே பண்டிகை நோட்டீஸ் வேலை தொடங்கிவிடுகிறது. நகல் எடுக்க முடியாமல் மிஞ்சியிருப்பது டாங்கிள் ஒன்றுதான். அதைச் செய்த நிறுவனம் இப்போது இல்லை. யாரும் தவறுதலாகப் பிடுங்கிவிடாதபடி, பலகையில் உள்ள உள் யுஎஸ்பி இணைப்பிலிருந்து ஒரு குட்டைக் கம்பி எடுத்து, டாங்கிளைப் பெட்டிக்குள்ளேயே வைத்து, பிளாஸ்டிக் பட்டையால் சட்டத்தோடு கட்டிவிட்டேன். பெட்டியைத் திறந்தால் பச்சை விளக்கு தெரியும்.